லாட்ஜில் தொடங்கிய பள்ளிக்கூடம்

கைசர் ஜஹானின் கணவர் நூருல்லா, திருவண்ணாமலை நகராட்சி ஆரம்பப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். எழுபத்தொன்பதாம் வருஷத்து ஐப்பசி மழையில் அவருக்கு மஞ்சள் காமாலை கண்டது. முதலில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். பிறகு பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே கைவிரித்ததும் வேலூருக்குக் கொண்டுபோனார்கள். வேலூரிலிருந்து திரும்பி வந்தது உடல்தான்.

தெருவே அழுதது. அவர் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் வாசலில் வரிசையாக நின்று அழுதார்கள். கைசர் மட்டும் அழவில்லை. அழாவிட்டால் நெஞ்சில் கட்டிக்கொள்ளும் என்று உறவுக்காரப் பெண்கள் அவளைத் தோளைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார்கள். அவளுக்கு வருத்தமாகக்கூட இல்லை. குளத்தில் முங்கியிருக்கும்போது கரையில் பேசுகிறவர்களின் சத்தம் எங்கிருந்தோ வருமே, எல்லாமே அப்படிக் கேட்டது.

துக்கம் காக்கும் நான்கு மாதம் பத்து நாள் இத்தா முடிந்து அவள் வீட்டுக்கு வெளியே வந்தபோது மாசி மாதம் ஆகிவிட்டது. பள்ளிவாசல் பக்கத்துத் தெருவில் ஒரு போர்ஷன் வீடு, நான்கு வயது மகள் வஜீதா, அவ்வளவுதான் அவளிடம் இருந்தது. நூருல்லாவின் தம்பி ரியாசுதீன் கடலைக்கடை மூலை என்கிற சந்திப்பில் சின்னதாகத் தையல்கடை வைத்திருந்தான். அண்ணன் வேலையில் இருந்தபோதே இறந்ததால் அண்ணிக்கு வாரிசு வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்ல, அவனே அலைந்து மனு கொடுத்துவிட்டு வந்தான்.

"வரும் பாபி. ஆனா எப்பன்னு சொல்ல முடியாதாம்" என்றான்.

"சரி" என்றாள். எதைக் கேட்டாலும் அப்போது அவள் சொன்ன பதில் அதுதான்.

தருமன் தன் மனைவி சரோஜாவுடன் அவள் வீட்டுக்கு வந்தது அந்த மாசத்தில்தான். அவருக்கு வேர்க்கடலை வாங்கி விற்கிற மணிலாக்கொட்டை மண்டி இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மூன்று மாடியில் ஒரு லாட்ஜும் கட்டியிருந்தார். ஆண் துணை இல்லாத வீடு என்று தருமன் உள்ளே வரத் தயங்கி வாசற்படி ஓரமாக நின்றுகொண்டார். சரோஜாதான் பாயில் உட்கார்ந்தாள்.

"போஸ்ட் ஆபீஸ்ல ஒரு வெள்ளைக்காரம்மாவுக்கு வழி தெரியாம நின்னப்ப நீங்க இங்கிலீஷ்ல பேசுனீங்களாமே. பழைய கதைதான். எங்க வூட்டுக்காரம்மா பாத்துட்டு வந்து சொன்னா" என்று தருமன் வாசலிலிருந்தே தொடங்கினார்.

கைசருக்கு அது நினைவில் இல்லை. வேலூரில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்ததில் ஒட்டிக்கொண்ட இங்கிலீஷ் அது. கல்யாணத்துக்குப் பிறகு அதற்கு வேலை இல்லாமல் போயிற்று.

"லாட்ஜ் கட்டி ஏழு வருஷமாச்சு" என்றார் தருமன். "தீபத்துக்கு ஒரு பத்து நாளு ரூம் கெடைக்காது. சித்ரா பௌர்ணமிக்கு ரெண்டு நாளு. மத்த நாள்ல எலிதான் குடியிருக்குது. வெள்ளைக்காரங்களும் ஆசிரமத்துப் பக்கமே ரூம் எடுத்துக்கிறாங்க. போன வருஷம் மெட்ராஸுக்குப் போனேன். ஒரு இங்கிலீஷ் ஸ்கூல் வாசல்ல விடியறதுக்கு முன்னாடியே ஜனம் நிக்குது. சினிமாவுக்குக்கூட அப்படி நிக்கல. அப்பத்தான் யோசிச்சேன். ரூமுக்கு வர்றவன் காலையில பெட்டிய எடுத்துக்கினு போயிடுறான். புள்ளைய ஒரு தபா சேத்துட்டான்னு வைங்க, பத்து வருஷம் காலி பண்ண மாட்டான்."

சரோஜாவுக்கு அந்தப் பேச்சு சங்கடமாக இருந்திருக்கும். "நீங்க வந்து சொல்லிக்குடுத்தா புள்ளைங்களுக்கும் நல்லதுதானேங்க" என்று கைசரைப் பார்த்துச் சொன்னாள். "ஒங்க பொண்ணும் அங்கியே படிக்கட்டும். ஒண்ணும் தர வேணாம்."

"சரி" என்றாள் கைசர்.

இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவர்கள் நினைத்து வரவில்லை. கொண்டுவந்திருந்த மற்ற சமாதானங்களை எல்லாம் என்ன செய்வது என்று தெரியாமல் தருமன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டார்.

எண்பதாம் வருஷம் ஜூனில் எல்லம்மாள் மெமோரியல் இங்கிலீஷ் ஸ்கூல் திறந்தது. எல்லம்மாள் தருமனின் தாயார். கையெழுத்துப் போடத் தெரியாமல் செத்துப்போனவள். அந்தப் பெயரைவிட 'மெமோரியல்' என்ற சொல்தான் ஜனங்களைக் கவர்ந்தது. கீழ்த்தளத்தில் இரண்டிரண்டு அறைகளுக்கு நடுவில் இருந்த சுவரை இடித்து வகுப்பாக்கியிருந்தார்கள். கதவில் அறை எண் தகடுகள் அப்படியே இருந்தன. மூலையில் இருந்த வாஷ்பேசினைப் பிடுங்கவில்லை. அதைப் பார்த்து, கைகழுவக்கூட வகுப்புக்குள்ளேயே வசதி இருக்கிறது என்று பெற்றோர்கள் வியந்தார்கள்.

ரிசப்ஷன் மேசையில்தான் கைசர் உட்கார்ந்து பிள்ளைகளைச் சேர்த்தாள். வெள்ளைப் புடவை, தலையில் முக்காடு. பிள்ளையைப் பார்த்து "வாட் இஸ் யுவர் நேம்?" என்பாள். பிள்ளை பெயரைச் சொன்னாலும், அழுதாலும், அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாலும் அவள் முகம் மாறாது. எழுதிக்கொண்டு, அடுத்தவரைக் கூப்பிடுவாள்.

அடி அண்ணாமலையிலிருந்து முருகையன் என்ற விவசாயி தன் மகனை சைக்கிள் பாரில் உட்காரவைத்து அழைத்து வந்தார். ஏற்கெனவே ஊர்ப் பள்ளியில் ஒரு வருஷம் படித்த பையன். சேர்த்து முடித்து வெளியே வந்தவர், வாசலில் நின்ற தருமனிடம் நிம்மதியாகப் பேசினார்.

"எங்கூரு வாத்தியாரு நல்ல மாதிரிங்க. சிரிச்சி சிரிச்சிப் பேசுவாரு. புள்ள ஒண்ணியும் கத்துக்கல. இந்தம்மா சிரிக்கவே இல்லீங்க. பயலுக்கு இப்பவே ஒண்ணுக்கு வந்துடுச்சி. இதாங்க ஸ்கூலு."

தருமன் முதலில் சிரித்தார். பிறகு யோசித்தார். அந்த வாரம் வந்தவர்களில் பாதிப் பேர் வேறு வேறு வார்த்தையில் அதையேதான் சொன்னார்கள். கண்டிப்பு, கட்டுப்பாடு, கான்வென்ட் மாதிரி இருக்குது. ஒரு வியாபாரிக்கு எது விற்கிறது என்று தெரிந்துகொள்ள அதிக நாள் ஆகாது. அடுத்த மாதம் கைசரின் சம்பளத்தைக் கேட்காமலே கூட்டினார்.

"நீங்க இப்படியே இருங்க டீச்சர்" என்றார். "ஒண்ணும் மாத்திக்க வேணாம்."

"சரி சார்" என்றாள்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு உண்மையில் அந்த வேலை வசதியாக இருந்தது. மணி அடித்தால் வகுப்பு, மணி அடித்தால் சாப்பாடு. ஏ ஃபார் ஆப்பிள் சொல்லும்போது எதையும் நினைக்க வேண்டியதில்லை. ஆப்பிளை நேரில் பார்த்த பிள்ளை அங்கே ஒன்றோ இரண்டோதான். அதைப் பற்றியும் அவள் நினைக்கவில்லை.

கார்த்திகை வந்தால் பள்ளிக்குப் பத்து நாள் லீவு. பெஞ்சுகளை மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டு, தீபத்துக்கு வருகிறவர்கள் தங்க வகுப்புகளில் பாய் விரிப்பார்கள். முதல் வருஷம் வஜீதா தன் பென்சில் டப்பாவை வகுப்பிலேயே மறந்துவிட்டதால், கொடியேறிய இரண்டாம் நாள் கைசர் அங்கே போகவேண்டி வந்தது. தான் பாடம் நடத்தும் அறையில், சுவரில் இங்கிலீஷ் எழுத்துகளுக்குக் கீழே ஒரு குடும்பம் ஸ்டவ் பற்றவைத்து உப்புமா கிண்டிக்கொண்டிருந்தது. விழுப்புரம் பக்கத்துக்காரர்கள். அந்த வீட்டுப் பெண் கரும்பலகையில் துணி காயப்போட்டிருந்தாள். டப்பாவை அவளே தேடி எடுத்துக் கொடுத்து, "உப்புமா சாப்புடறியா கண்ணு?" என்று வஜீதாவைக் கேட்டாள்.

"நோ, தேங்க் யூ" என்றது குழந்தை.

அந்தப் பெண் பூரித்துப்போய் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். கிளம்புவதற்குள் அவர்கள் தருமனிடம் போய், ஊரில் இப்படி ஒரு பள்ளி தொடங்க என்னென்ன வேண்டும் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

இரண்டாம் வருஷத்தில் யூனிஃபார்ம் கட்டாயமானது. நீல நிக்கர், வெள்ளைச் சட்டை, எலாஸ்டிக் வைத்த டை. தைக்கிற வேலையை கைசருக்காக ரியாசுதீனிடம் கொடுத்தார் தருமன். ரியாசுதீன் கடன் வாங்கி இரண்டு மிஷின் போட்டான், ஆள் வைத்தான். அதுவரை பெருநாளுக்கும் தீபாவளிக்கும் மட்டும் நிமிர்ந்த கடை, மே மாதம் முழுக்க ராத்திரி பத்து மணிக்கும் விளக்கெரிய நடந்தது. எதிரில் ஸ்டேஷனரிக் கடை வைத்திருந்தவர் அட்டை போட்ட கட்டுரை நோட்டுகளை அடுக்கினார். ரிக்‌ஷாக்காரர்கள் மாத வாடகைக்குப் பிள்ளைகளை ஏற்றினார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம், காலை ஒன்பது மணிக்கு ஒரு சின்னச் சந்தை மாதிரி ஆயிற்று. நூருல்லா வேலை பார்த்த நகராட்சிப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பின் இரண்டு பிரிவு ஒரு பிரிவாகக் குறைந்தது. அங்கே தலைமை ஆசிரியராக இருந்த அருணகிரி ஒருநாள் கடைத்தெருவில் கைசரைப் பார்த்தபோது அதைச் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பது போலச் சொன்னார்.

பள்ளியில் தமிழோ உருதுவோ பேசக் கூடாது. வஜீதாவுக்கும் விலக்கு இல்லை. வகுப்பில் மற்ற பிள்ளைகளைப் போல அவளும் தாயை மிஸ் என்றே கூப்பிட்டாள். வீட்டுப் பேச்சு பாதி உருது, பாதி தமிழ். அங்கே அம்மி என்பாள். இரண்டாம் வகுப்புக்கு வந்த வருஷத்தில் எப்போதோ அது மாறிப்போனதை, பக்கத்துப் போர்ஷனில் இருந்த ஆராயிதான் முதலில் கவனித்தாள்.

"ஏம்மா, புள்ள வூட்லயும் ஒன்ன மிஸ்ஸுன்னுதானே கூப்புடுது?"

"அப்படியா?" என்றாள் கைசர்.

"நீ கவனிக்கலியா?"

கைசர் யோசித்துப் பார்த்தாள். கவனிக்கவில்லைதான்.

எண்பத்து மூன்றில், யாரும் எதிர்பார்க்காத ஒரு நாளில், வாரிசு வேலைக்கான உத்தரவு வந்தது. ஊரிலேயே இருந்த கல்வி அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். ரியாசுதீன் அதை இரண்டு முறை படித்துவிட்டு மடித்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அதற்காக அலைந்தவன் அவன்தான்.

"கவர்மெண்ட் வேலைன்னா வேலைதான் பாபி. நான் வேணாம்னு சொல்லல" என்றான். "ஆனா இங்க நீங்கதான் எல்லாம். அங்க போனா நாலு பேர்ல ஒருத்தர். சம்பளமும் இப்ப வாங்கறதவிடக் கொஞ்சம் கம்மிதான்." மிஷின் கடனைப் பற்றி அவன் வாய்திறக்கவில்லை. பேசிய நேரம் முழுக்க அவன் கட்டைவிரல் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது.

தருமன் நேராகவே பேசினார். "செங்கம் ரோட்டுல எடம் பாத்திருக்கேன். பெரிய பில்டிங். நீங்கதான் பிரின்சிபால். போர்டுலயே ஒங்க பேரு போடறேன். போயி அங்க ஃபைல் கட்டிக்கினு ஒக்காரப் போறீங்களா?"

"சரி, பாக்கலாம் சார்" என்றாள். எந்தப் பக்கமும் அவளுக்கு மனம் சாயவில்லை. யாராவது கையைப் பிடித்து இழுத்திருந்தால் அந்தப் பக்கம் போயிருப்பாள்.

அந்த வாரம் வஜீதாவுக்குக் காய்ச்சல் வந்தது. டைபாய்டு என்றார் டாக்டர். கஞ்சியும் மாத்திரையும் கொடுத்துவிட்டு, ஆராயியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு கைசர் பள்ளிக்குப் போனாள். லீவு கேட்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மத்தியான இடைவேளையில் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, அப்படி வந்தபோது ஆராயி, "இப்பத்தான் கண்ணசந்துச்சி" என்று சொல்லிவிட்டு உலை வைக்க எழுந்து போனாள். கைசர் பாயருகில் உட்கார்ந்தாள். வெயில் ஓட்டுச் சந்து வழியாகக் குழந்தையின் காலில் விழுந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. வஜீதா கண்ணைப் பாதி திறந்தாள். போர்வைக்குள்ளிருந்து வலது கையை மெதுவாக வெளியே எடுத்து, ஆள்காட்டி விரலை மேலே உயர்த்தினாள்.

"மிஸ், மே ஐ டிரிங்க் வாட்டர்?"

"யெஸ்" என்றாள் கைசர்.

அது அவள் வாயிலிருந்து தானாக வந்தது. வகுப்பில் தினமும் வருவது போல, முகம் திரும்பாமல், குரல் ஏறாமல் வந்தது. குழந்தை எழுந்துபோய்க் குடிக்கட்டும் என்பது போல அவள் உட்கார்ந்தே இருந்தாள். வஜீதாவும் அனுமதி கிடைத்துவிட்டது, ஆனால் தண்ணீர் எங்கே என்று தெரியாதவளாக, உயர்த்திய கையோடு அவளையே பார்த்தாள்.

கைசர் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு, குழந்தையின் தலையைத் தூக்கிப் புகட்டினாள். பாதி கழுத்தில் வழிந்தது. முந்தானையால் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆராயி உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தவள், ஏதோ மிருகம் அடிபட்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டு ஓடிவந்தாள். கைசர் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நூருல்லாவின் பெயரைச் சொன்னாள். வேலூர் என்றாள். வேறு என்னென்னவோ உருதுவில் சொன்னாள். ஆராயிக்கு அது புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். மூன்றரை வருஷம் தள்ளி வந்த அழுகை, பொழுது சாயும்வரை நின்று நின்று வந்தது.

அன்று மத்தியானம் அவள் பள்ளிக்குத் திரும்பவில்லை. அதுவரை ஒருநாள்கூட அப்படி நடந்ததில்லை என்பதால், நான்கு மணிக்கு மேல் தருமன் விசாரிக்க வந்தார். வாசலில் நின்று ஆராயி சொன்னதைக் கேட்டுவிட்டு, உள்ளே எட்டிப் பார்க்காமல் திரும்பிப் போனார். போகும்போது ஆர்லிக்ஸ் பாட்டில் ஒன்று வாங்கி அனுப்பினார்.

காய்ச்சல் இறங்கி வஜீதா எழுந்து உட்கார்ந்ததும் கைசர் லாட்ஜுக்குப் போனாள். தருமன் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொல்ல வந்தது அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

"பார்ட்னரா சேத்துக்கறேன் டீச்சர்" என்றார் எடுத்த எடுப்பில். "சும்மா சொல்லல. எழுதியே தர்றேன்."

"வேணாம் சார்."

"நான் எதுனா தப்பா நடந்துக்கிட்டனா?"

"இல்ல சார். இங்க இருந்தா நான் இப்படியே இருந்துடுவேன்."

"இப்படின்னா?"

கைசர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். தருமன் வற்புறுத்தவில்லை. மேசைமீது கிடந்த பேனாவை உருட்டிக்கொண்டே, "புள்ளையாவது இங்க படிக்கட்டுமே" என்றார்.

"அவங்கப்பா வேல பாத்த ஸ்கூல்ல சேக்கப் போறேன்" என்றாள். அந்தக் கணம்வரை அப்படி ஒரு தீர்மானம் அவளிடம் இருக்கவில்லை.

அருணகிரி வஜீதாவை மூன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார். பெஞ்சு கிடையாது, மணை மாதிரி நீளப் பலகைதான். குழந்தை முதல் வாரம் அழுதாள். பிறகு மத்தியானச் சத்துணவு வரிசையில் ஒரு தோழி கிடைத்ததும் அழவில்லை. இங்கிலீஷ் கொஞ்சம் கொஞ்சமாக மறந்தது. அது நல்லதா கெட்டதா என்று கைசருக்கு இன்றுவரை தெரியாது. சில ராத்திரிகளில், செய்தது தப்போ என்று நினைத்துப் படுத்திருப்பாள். அப்படி நினைத்துத் தூக்கம் வராமல் கிடப்பதுகூட அவளுக்குப் புதிதாக இருந்தது.

எல்லம்மாள் மெமோரியலில் அந்த வருஷம் பிள்ளைகள் குறைந்தார்கள். தருமன் ஒரு இளம் பெண்ணைக் கொண்டுவந்து, கண்டிப்பாக இருக்கச் சொன்னார். அவள் சுபாவம் அது இல்லை. பெற்றோர் வந்தால் எழுந்து நின்று உட்காரச் சொன்னாள். அடுத்த வருஷம் செங்கம் ரோட்டில் கட்டடம் எழும்பியதும் எல்லாம் மாறிவிட்டது. மாடிப்படியும், மணிக்கூண்டும், மஞ்சள் வேனும் இருந்தால் டீச்சர் முகத்தை யார் பார்க்கப்போகிறார்கள். யூனிஃபார்ம் ஆர்டர் தருமனின் மைத்துனன் கடைக்குப் போயிற்று. ரியாசுதீன் ஒரு மிஷினை விற்றான். நாலைந்து மாதம் கைசரின் வீட்டுப் பக்கம் வரவில்லை. பெருநாளுக்கு வஜீதாவுக்குத் துணி எடுத்துக்கொண்டு வந்தபோது, போளூர் ரோட்டில் ரைஸ்மில்காரர் ஒருவர் புதிதாக இங்கிலீஷ் பள்ளி தொடங்குகிறார், நிக்கர் தைக்கக் கேட்டிருக்கிறார் என்று சொன்னான். அதற்கு மேல் அவர்களுக்குள் அந்தப் பேச்சு எழவில்லை.

அலுவலகத்தில் கைசருக்குத் தனியார் பள்ளிகளின் பிரிவு கொடுக்கப்பட்டது. வருஷத்துக்கு வருஷம் மனுக்கள் பெருகின. ரைஸ்மில், மூடிக்கிடந்த டூரிங் டாக்கீஸ், கல்யாண மண்டபம், எல்லா இடத்திலும் பள்ளிகள் முளைத்தன. வருகிறவர்கள் காலண்டரும் டைரியும் கொடுப்பார்கள். அவள் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் வசதி உண்டா, கக்கூஸ் உண்டா என்று கேட்பாள். கேட்பதைக் கடமைக்குக் கேட்கவில்லை, அதுமட்டும் உண்மை. மற்றபடி அலுவலகமும் ஒரு மாதிரி மந்தமான இடம்தான். மின்விசிறி சுற்றும், மதியம் எல்லோரும் கொஞ்சம் கண்ணயர்வார்கள், மாலை பஸ்ஸைப் பிடிப்பார்கள்.

எண்பத்தொன்பதில் வட ஆற்காட்டைப் பிரித்து ஊர் தனி மாவட்டத்தின் தலைநகர் ஆயிற்று. கடைத்தெருவெல்லாம் தோரணம் கட்டி ஒலிபெருக்கி போட்டார்கள். அந்த மாதத்தில் ஒருநாள் தருமன் அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். முடி முழுக்க நரைத்திருந்தது. கைத்தடி வைத்திருந்தார். சரோஜா போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்றார்.

"தெரியும் சார். கேள்விப்பட்டேன். வந்து பாக்கணும்னு இருந்தேன்" என்றாள். அவரை உட்காரச் சொன்னாள்.

"ஜில்லா ஆயிடுச்சு. ஆபீஸ் எல்லாம் வரும், ஆபீஸருங்க புள்ளைங்க வருவாங்க. டீச்சர் ட்ரெய்னிங் ஒண்ணு தொடங்கலாம்னு பையன் சொல்றான்" என்றார். முன்பு லாட்ஜைப் பற்றிப் பேசியபோது இருந்த வேகம் அந்தக் குரலில் இல்லை. மகன் எழுதிக்கொடுத்த வாக்கியங்களை ஒப்பிக்கிறவர் மாதிரி இருந்தார். பிறகு, "வூட்ல ஒக்காந்திருந்தா செவுத்தையே பாத்துக்கினு இருக்கேன் டீச்சர். பசிக்கவும் இல்ல. அதான், எதுனா செய்யலாம்னு" என்றார்.

கைசர் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அழுதீங்களா சார்?"

"நானா?" என்றார். "வேலையிருந்துச்சே. காரியம், ஜனம், ஸ்கூல் அட்மிஷன் வேற." கைத்தடியின் பிடியைத் துடைத்தார். "இல்ல."

 அதிகாரி மூன்று மணிக்குத்தான் வருவார் என்றாள். வீட்டுக்குப் போய்விட்டு வருகிறீர்களா என்றாள். இங்கேயே இருக்கிறேன் என்றார். பியூனிடம் சொல்லி அவருக்கு டீ வரவழைத்தாள். கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் குடிக்கும்வரை பக்கத்தில் இருந்தாள்.

பிறகு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பின்பக்க வேப்பமரத்தடிக்குப் போனாள். சக ஊழியர் காசியம்மாள் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்து அவளுக்காகக் காத்திருந்தாள். வஜீதா ஒன்பதாவது படிக்கிறாள், காலையில் சமையல் அவள்தான். புளிச்சோறு கட்டிக் கொடுத்திருந்தாள். கைசர் ஒரு கவளத்தை வாயில் போட்டாள். உப்பு கம்மி. சாயங்காலம் அவளிடம் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.